பிரேக் கீச்சொலிக்கும் காப்புரிமை நோட்டீஸா? ராணிப்பேட்டை ஷிம் பட்டறைக்கு ஒரு விரிவான பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் சிறிய பிரெஸ் ஷாப் நடத்தும் ஒரு தம்பியின் கேள்வி இது. கார் பிரேக் பேடின் முதுகில் ஒட்டும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை, வாடிக்கையாளர் தரும் டிராயிங்கின்படி டை போட்டு அடித்துக் கொடுக்கிறார். போன வாரம் ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. "டிஸ்க் பிரேக்கின் ஒலியைக் குறைக்கும் எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள். உற்பத்தியை உடனே நிறுத்தி, இதுவரை விற்றதற்குக் கணக்குக் காட்டுங்கள்" என்று அதில் இருக்கிறதாம். அவர் கேட்பது: பிரேக் கீச்சிடாமல் இருப்பதற்கெல்லாம் கூடவா காப்புரிமை? ஜாப் ஒர்க் செய்கிற என்னை ஏன் பிடிக்கிறார்கள்? பிரெஸ்ஸை நிறுத்திவிடட்டுமா? நாளைக்கே கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடுவார்களா? ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்கு மாதிரி அனுப்ப இருந்தேனே, அது என்ன ஆகும்?

தம்பி, நோட்டீஸ் வந்த வேகத்தில் பிரெஸ்ஸை நிறுத்தவும் வேண்டாம், "நம்மை என்ன செய்துவிடப் போகிறார்கள்" என்று கவரை மேஜை டிராயரில் போட்டு மூடவும் வேண்டாம். நான் பிரேக் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுக் காப்புரிமை வேலைக்கு வந்தவன். பயந்துபோய் நல்ல ஆர்டரை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அலட்சியமாக இருந்து மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தரப்பும் செய்யத் தவறியது ஒரே காரியம்தான். அந்தக் காப்புரிமையின் க்ளெய்மை, அதாவது எதற்கு உரிமை என்று எழுதியிருக்கும் பகுதியை, உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கவில்லை.

சத்தம் குறைவது என்பது யாருடைய சொத்தும் கிடையாது. சத்தத்தைக் குறைக்க ஒருவர் கண்டுபிடித்த அமைப்போ செய்முறையோதான் அவருடைய சொத்து. அதுவும் அவர் வாங்கிய நாட்டில் மட்டும், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு மட்டும். நோட்டீஸில் "ஒலியைக் குறைக்கும் எங்கள் காப்புரிமை" என்று எழுதியிருப்பது வக்கீலின் சுருக்கம். நீதிமன்றம் அந்தச் சுருக்கத்தைப் பார்க்காது, க்ளெய்மைத்தான் பார்க்கும்.

க்ளெய்மைப் படிக்க, பிரேக் ஏன் கத்துகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிலில் இருப்பதால் உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். டிஸ்குக்குத் தனக்கென்று சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு. பேடுக்கும், பேடை டிஸ்கோடு அழுத்திப் பிடிக்கும் கேலிப்பருக்கும் அப்படியே. ஒரு டிஸ்கைக் கயிற்றில் தொங்கவிட்டு விளிம்பில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கோயில் மணி மாதிரி நாதம் நீளும். வண்டியில் அந்தச் சுத்தியலின் வேலையைச் செய்வது உராய்வு. இரண்டு அதிர்வு முறைகளின் அதிர்வெண்கள் பக்கம் பக்கமாக வந்துவிட்டால், உராய்வு அவற்றைப் பிணைத்துவிடுகிறது. அதன் பிறகு சக்கரம் சுற்றுகிற ஆற்றலிலிருந்தே கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு அதிர்வு தானாக வளரும். நம் காதில் விழும் கீச்சொலி பெரும்பாலும் 1,000 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரைக்குள் வரும். அதற்குக் கீழே வருவது உறுமலும் முனகலும், அவற்றுக்குக் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், இந்தச் சத்தம் நிலையாக வராது. விடியற்காலையில் ஈரப்பதத்தோடு வண்டியை எடுத்தால் கத்தும், பத்து பிரேக் பிடித்தபின் அடங்கிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்தே இறங்கிய கார், அடிவாரத்தில் வேறொரு சுருதியில் கத்தும். பேட் தேயத் தேய அதன் அதிர்வெண் மாறும். அதனால்தான் சோதனைக் கூடத்தில் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே2521 மாதிரியான முறைப்படி, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி டைனமோமீட்டர் என்ற சோதனை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் பிரேக் பிடித்து, எத்தனை முறை கத்தியது என்று எண்ணுகிறோம். வழக்கிலும் இது முக்கியம். "உங்கள் ஷிம் போட்டதும் சத்தம் போய்விட்டது, ஆகவே எங்கள் தொழில்நுட்பம்தான்" என்று யாராவது சொன்னால், எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எந்தப் பேடோடு என்று கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் ஷிம்மையே எடுத்துக்கொள்வோம். ஒன்றைக் குறுக்கே வெட்டி, ஓரத்தை எமரி தாளில் தேய்த்து, லென்ஸில் பாருங்கள். மேலே ஒரு எஃகுத் தகடு, கீழே ஒரு எஃகுத் தகடு, நடுவில் மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கறுப்புக் கோடுதான் ரப்பரோ பசையோ. தகடுகள் வளைந்து அதிரும்போது ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும். நடுவிலிருக்கும் ரப்பர் அதற்கு இடம் கொடுத்துச் சாய்ந்து நிமிரும், அப்போது அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிக் கரைந்துவிடும். இந்தத் தத்துவம் பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, விமானத்திலும் கப்பலிலும் பயன்படுகிறது. சில ஷிம்களில் தகடு ஒன்றே ஒன்று, இரண்டு முகத்திலும் ரப்பர் பூசியிருக்கும். சிலவற்றில் பேட் பக்கம் அழுத்தினால் ஒட்டும் பசை இருக்கும். ரப்பரின் கனம், எந்த வெப்பநிலையில் அது நன்றாக அதிர்வைத் தின்னும், பேடை அழுத்தும் பிஸ்டன் படும் இடத்தில் வெட்டு உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றிலும் மாற்றம் செய்யலாம். ஒவ்வொரு மாற்றத்தின் மேலும் யாராவது ஒருவர் உலகத்தில் எங்காவது காப்புரிமை கேட்டிருப்பார்.

ஷிம்மைத் தவிரவும் வழிகள் உண்டு. பேடின் நடுவில் ஸ்லாட் வெட்டினால் உராய்வுப் பொருள் இரண்டு துண்டாகிப் பேடின் வளையும் அதிர்வெண் மாறும். இரு ஓரத்தையும் சேம்ஃபர் செய்தால், அதாவது சரிவாகச் சீவினால், டிஸ்கில் படுகிற நீளம் குறையும். டிஸ்கின் வார்ப்பு இரும்பில் கிராஃபைட் செதில்கள் பெரிதாக இருந்தால் இரும்பே அதிர்வை அடக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு படி மேலே போய், டிஸ்குக்குள்ளேயே ஒரு எஃகு வளையத்தை வைத்து வார்த்தது. வளையம் இரும்போடு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால், அதிரும்போது இரண்டும் உரசி ஆற்றல் அங்கேயே தீர்ந்துவிடும். அவர்களுடைய அந்தக் காப்புரிமைகளைப் படித்தால், "சத்தம் குறையும் டிஸ்க்" என்று பொதுவாக உரிமை கேட்கவில்லை என்பது தெரியும். செருகலின் பரப்பு எப்படி இருக்க வேண்டும், எங்கே ஒட்டக் கூடாது என்று நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார்கள்.

டிஸ்க் பிரேக்கின் கதையே சத்தத்தில்தான் தொடங்குகிறது. பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகத்தின் மேல் உலோகம் உரசியதால் அது காதைக் கிழித்தது. ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்த பிறகுதான் அது சற்று அடங்கியது. கல்நாரின் கேடு தெரிந்து அதை விட்டோம். பிறகு செம்பைப் பிடித்துக்கொண்டோம். கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் 2010-ல் சட்டம் போட்டு, 2021 முதல் பேடில் செம்பு 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றாக்கின. கலவை மாறும்போதெல்லாம் அடங்கிக் கிடந்த கீச்சொலி மறுபடி எழுந்தது. இப்போது மின்சார வண்டியில் எஞ்சின் சத்தமே இல்லாததால் சின்னக் கீச்சும் கேட்கிறது. ஷிம்மின் மேல் இத்தனை காப்புரிமைகள் விழுவதற்கும் உங்கள் சின்னப் பட்டறை யாரோ ஒருவர் கண்ணில் பட்டதற்கும் இதுதான் பின்னணி.

பலனுக்குக் காப்புரிமை கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. பிரேக் இல்லை, சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். ஆனால் விவகாரம் இதேதான். அமெரிக்கன் ஆக்சில் என்ற நிறுவனம் நியாப்கோ என்ற போட்டியாளர் மேல் போட்டது. உள்ளே வெற்றான ஷாஃப்டுக்குள் லைனர் என்ற உட்குழல் ஒன்றைச் செருகி, அதன் எடையையும் விறைப்பையும் சரிக்கட்டினால், ஷாஃப்டின் இரண்டு விதமான அதிர்வுகளும் ஒரே லைனரால் அடங்கும் என்பது கண்டுபிடிப்பு. லைனர் போடுவது பழைய பழக்கம்தான், ஒரே லைனர் இரண்டையும் அடக்கும்படி சரிக்கட்டுவதுதான் புதிது என்றார்கள். ஆனால் எப்படிச் சரிக்கட்டுவது என்பதை ஒரு க்ளெய்மில் சொல்லவில்லை, "சரிக்கட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இது விசைக்கும் விறைப்புக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஹூக்கின் விதியைப் போட்டுவிட்டுப் பலனைக் கேட்பதுதான், வழிமுறை எங்கே என்று, காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் கேட்டது. 2020 ஜூலையில் திருத்தி வெளியிட்ட தீர்ப்பில் அந்த 22-ம் க்ளெய்ம் செல்லாது என்றது. எல்லா நீதிபதிகளும் சேர்ந்து மறுபடி கேட்கலாமா என்ற வாக்கெடுப்பில் ஆறுக்கு ஆறு என்று நின்றது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கவில்லை. ஷாஃப்ட் செய்கிற ஒரு முறையை "இயற்கை விதி" என்று தள்ளியது அதிகம். வழிமுறை போதவில்லை என்றால் அதற்கென்று இருக்கிற வேறு காரணத்தால் தள்ளியிருக்கலாம். ஆனால் அது கேட்ட கேள்வி சரியான கேள்வி, இங்கேயும் செல்லும். நம் காப்புரிமைச் சட்டத்தின் 64-ம் பிரிவில், கண்டுபிடிப்பும் அதைச் செய்யும் முறையும் போதுமான அளவு விவரிக்கப்படவில்லை என்பதும், க்ளெய்ம் தெளிவாக இல்லை என்பதும் காப்புரிமையை ரத்து செய்வதற்கான காரணங்களாக இருக்கின்றன. உங்களுக்கு வந்த காப்புரிமையில் "கீச்சொலி குறையும் அளவுக்கு அதிர்வடக்கும் அடுக்கு" என்ற மாதிரி சொற்கள் இருந்தால் அடிக்கோடிடுங்கள். எந்த அளவுக்கு, எதால் அளந்து என்று விவரணத்தில் தேடுங்கள்.

சரி, க்ளெய்மைப் படிப்பது எப்படி? உதாரணத்துக்கு இப்படி ஒரு க்ளெய்ம் என்று வைத்துக்கொள்வோம்: ஓர் எஃகுத் தகடு, அதன் இரு முகத்திலும் ரப்பர் பூச்சு, பிஸ்டன் பக்கத்து ரப்பர் பேட் பக்கத்து ரப்பரைவிடக் கனமானது, பேட் பக்கத்து ரப்பரின் மேல் ஒட்டும் பசை, தகட்டின் நடுவில் பிஸ்டனின் விட்டத்தைவிடச் சின்னதான ஒரு துளை. இதில் ஐந்து அம்சம். உங்கள் ஷிம்மில் ஐந்தும் இருந்தால் மீறல். நடுத்துளையே இல்லையென்றால், பொதுவாக மீறல் இல்லை. நான்கு பொருந்துகிறதே, எண்பது சதவீதம் காப்பியடித்துவிட்டோமே என்று கணக்குப் போட வேண்டாம், இது பரீட்சை மார்க் இல்லை. ஒரு தாளில் இடப்பக்கம் க்ளெய்மின் ஒவ்வொரு துண்டையும் எழுதி, வலப்பக்கம் உங்கள் ஷிம்மில் அது எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். ரப்பரின் கனத்தை மைக்ரோமீட்டரால் பல இடத்தில் எடுங்கள். உங்கள் டை எந்த வருடம் வெட்டியது என்பதையும் அதே தாளில் குறித்துவையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. துளையை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே வேலையைச் செய்ய ஒரு பள்ளம் அழுத்தி வைத்தால், "சொல் மாறினாலும் சாரம் ஒன்றே" என்ற வாதம் வரும், நீதிமன்றம் அதைக் கேட்கும். லாரிகளின் ஏர் டிஸ்க் பிரேக் பற்றிய நார் பிரெம்ஸ் – டானா வழக்கைப் பாருங்கள். ஜெர்மனியின் நார் பிரெம்ஸ், அமெரிக்காவின் டானா மேலும் ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் மேலும் போட்டது. ஹால்டெக்ஸின் மார்க் II பிரேக் மீறுகிறது என்று ஆனபிறகு, வடிவத்தை மாற்றி மார்க் III என்று கொண்டுவந்தார்கள். அதுவும் மீறல்தான் என்று தீர்ந்தது. பிரேக் சந்தைக்கு வந்து விற்பனை சூடுபிடித்த கட்டம்கூட இல்லை. லாரியில் மாட்டிச் சோதித்ததும், வாங்கக்கூடியவர்களுக்குக் காட்டியதுமே வழக்குக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வழக்கில் 2004-ல் ஃபெடரல் சர்க்யூட் முழு அமர்வு சொன்ன ஒரு விஷயம் பெயர் பெற்றது: நோட்டீஸ் வந்தபின் ஒருவர் வக்கீல் கருத்து வாங்கவில்லை, அல்லது வாங்கியதைக் காட்டவில்லை என்பதாலேயே "கருத்து அவருக்குப் பாதகமாகத்தான் இருந்திருக்கும்" என்று நீதிமன்றம் ஊகிக்கக் கூடாது. இதைக் காரணமாக வைத்து இங்கே யாரும் கருத்து வாங்காமல் இருக்க வேண்டாம். காப்புரிமை எண்ணோடு நோட்டீஸ் கையில் வந்துவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நஷ்டஈட்டிலிருந்து தப்பிக்க நம் சட்டத்தின் 111-ம் பிரிவு தரும் பாதுகாப்பு அன்றோடு போய்விடுகிறது.

அடுத்தது தேதி. என் அனுபவத்தில் பட்டறைக்காரர்கள் ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான். காப்புரிமையின் முன்னுரிமைத் தேதி, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதல் விண்ணப்பம் போட்ட தேதி, என்ன என்று பாருங்கள். அதற்கு முன்பே அதே பொருள் எங்காவது அச்சில் வந்திருந்தால், அல்லது இந்தியாவில் வெளிப்படையாகப் புழங்கியிருந்தால், அந்தக் காப்புரிமை நிற்காது. ராணிப்பேட்டையிலும் வாலாஜாவிலும் சோளிங்கரிலும் எத்தனை பட்டறைகள் எத்தனை வருடமாக வாகன உதிரி பாகம் அடித்துக்கொண்டிருக்கின்றன! சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி இருப்பதால் பிரேக் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதே இல்லை. உங்கள் அப்பா காலத்து டிராயிங், ரிவிஷன் தேதியோடு ரேக்கில் இருக்கிறதா? 2017 ஜூலைக்கு முன்னால் ஜி.எஸ்.டி. கிடையாது. அந்தக் காலத்து எக்சைஸ் இன்வாய்ஸ், டெலிவரி சலான் எதிலாவது பாகத்தின் எண்ணும் தேதியும் இருந்தால் அது தங்கம். பழைய டையின் மேல் பஞ்ச் அடித்த எண்ணைப் போட்டோ எடுங்கள். வாடிக்கையாளரின் ஒப்புதல் கடிதம், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். ஆடிட்டர் "எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பழைய பேப்பரைப் போட்டுவிடலாம்" என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து இப்போது போட வேண்டாம்.

பழைய முறையை அப்படியே செய்கிறவருக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. பிரிட்டனில் 1913-ல் ஜில்லெட் வழக்கில் பிறந்தது. "நான் செய்வது உங்கள் தேதிக்கு முன்பே ஊரறிந்தது. உங்கள் க்ளெய்ம் அதைத் தொடவில்லையென்றால் நான் மீறவில்லை. தொடுகிறது என்றால் ஊரறிந்ததை நீங்கள் உரிமை கொண்டாடுகிறீர்கள், உங்கள் காப்புரிமை செல்லாது." இதற்கு க்ளெய்மின் எல்லை எது என்று சண்டை போடவே தேவையில்லை. தேதி போட்ட காகிதம் இருந்தால் போதும்.

புதிதாக இருந்தாலும் அது கண்டுபிடிப்பா, பட்டறையில் யாரும் செய்துபார்க்கும் மாற்றமா என்ற கேள்வி இருக்கிறது. இதில் நம் உச்ச நீதிமன்றத்தின் 1978 தீர்ப்பு ஒன்று இன்றும் அடிப்படை. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் – ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. பாத்திரத்தை லேத்தில் கடையும்போது அது நழுவாமல் பிடிக்க ஒரு அமைப்பு, அதற்கு ஒரு காப்புரிமை. வேலையில் இருக்கும் ஒரு தேர்ந்த ஆள் தன் அனுபவத்தால் செய்துவிடக்கூடிய பட்டறை முன்னேற்றம் கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லி அதை ரத்து செய்தார்கள். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு. அதோடு, தெரிந்த சாதனங்களைச் சும்மா அடுக்கி வைப்பது, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தன் பழைய வேலையையே செய்வது என்றால், 3-ம் பிரிவின் எஃப் உட்பிரிவுப்படி அது காப்புரிமைக்கே உரியதில்லை. ஸ்லாட்டும் சேம்ஃபரும் ஷிம்மும் சேர்ந்த ஒரு பேட் என்று ஒருவர் கேட்டால் இந்தக் கேள்வி எழும். ஆனால் மூன்றும் சேரும்போது தனித்தனியாகக் கிடைக்காத ஒரு பலன் கிடைக்கிறது என்று அவர் டைனமோமீட்டர் அளவோடு காட்டிவிட்டால் நிலைமை மாறிவிடும். அதிர்வு விஷயத்தில் அது நடக்கக்கூடியதுதான். எதிராளியின் எண்களை மதித்துப் படியுங்கள்.

"நாளைக்கே ஸ்டே வாங்கிவிடுவார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே காப்புரிமை கொடுத்திருப்பதாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. 13-ம் பிரிவே அப்படிச் சொல்கிறது. மேலூரில் கலப்பை செய்த ஸ்டார் ப்ளோ வொர்க்ஸ் வழக்கில், காப்புரிமை புதியது, அதன் செல்லுபடியே கேள்விக்கு உள்ளாகிறது என்றால் இடைக்காலத் தடை தருவதில் நிதானம் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி அறுபது ஆண்டு ஆகிறது. ஓசூர் டி.வி.எஸ். மேல் பஜாஜ் போட்ட இரட்டை ஸ்பார்க் பிளக் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை கொடுத்தார், ஃபிளேம் பைக்கை ஒற்றைப் பிளக்கோடு இறக்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதத்தில் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டி.வி.எஸ். விற்கட்டும், ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் கணக்கு வைக்கட்டும், இம்மாதிரி வழக்குகளைத் தினமும் கேட்டு சாதாரணமாக நான்கு மாதத்தில் முடியுங்கள் என்றது. முடிந்ததோ 2019-ல், இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டபோது. பெரிய கம்பெனிகள் தாங்கும். சின்னப் பட்டறை ஒரு ஆர்டரை ஆறு மாதம் இழந்தாலே வங்கிக் கடன் ஆட்டம் காணும். அதனால்தான் முதல் பதிலிலேயே கவனம் வேண்டும் என்கிறேன்.

ஜாப் ஒர்க் விஷயத்துக்கு வருவோம். இதில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 48-ம் பிரிவின்படி செய்வது, பயன்படுத்துவது, விற்பது, விற்க முன்வருவது, இறக்குமதி செய்வது எல்லாமே மீறல். யாருடைய டிராயிங் என்று சட்டம் கேட்பதில்லை, யாருடைய பிரெஸ்ஸில் அடித்தது என்று கேட்கும். அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் இருக்கலாம். பொடி எழுத்தில் "அறிவுசார் சொத்துரிமைக் கோரிக்கை எது வந்தாலும் சப்ளையர் ஈடு செய்வார்" என்று பல கம்பெனிகள் போட்டிருக்கின்றன. டிராயிங் கொடுப்பது அவர்கள், பழி சுமப்பது நீங்கள். இது அநியாயம். அடுத்த ஆர்டரில், வாங்குபவரின் டிராயிங்கால் வரும் கோரிக்கைக்கு வாங்குபவரே பொறுப்பு என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது செய்ய வேண்டியது, நோட்டீஸின் நகலோடு வாடிக்கையாளருக்கு உடனே எழுத்தில் தெரிவிப்பது. போனில் சொன்னதற்குக் கணக்கு இல்லை.

பதில் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு சோதனை. நோட்டீஸில் இருக்கும் எண் இந்தியக் காப்புரிமையின் எண்தானா? அமெரிக்க எண்ணை வைத்துக்கொண்டு இங்கே மிரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் காப்புரிமை சிப்காட்டில் செல்லாது. வெறும் விண்ணப்ப எண் என்றால், வெளியான நாளிலிருந்து உரிமை கணக்காகும், ஆனால் காப்புரிமை கிடைக்கும் வரை வழக்குப் போட முடியாது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் எண்ணைப் போட்டால் இலவசமாகவே முழு ஆவணமும் வரும். பரிசோதகர் முதலில் என்ன ஆட்சேபம் சொன்னார், அதற்கு விண்ணப்பதாரர் என்ன பதில் சொல்லி க்ளெய்மைச் சுருக்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடிதப் போக்குவரத்தைப் படிக்காமல் யாரும் பதில் எழுதக் கூடாது. "பழைய ஷிம்மில் இரு பக்க ரப்பரும் ஒரே கனம், எங்களுடையது அப்படி இல்லை" என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரே கனமுள்ள உங்கள் ஷிம்மின் மேல் இங்கே பாய்ந்தால், அந்தக் கடிதமே உங்கள் கையில் ஆயுதம். ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்றும் அங்கேயே பாருங்கள். கட்டாமல் காலாவதியான காப்புரிமையை வைத்து நோட்டீஸ் விடுகிறவர்களும் உண்டு.

காப்புரிமை கிடைத்த செய்தி வெளியாகி ஒரு வருடம் ஆகவில்லையென்றால், 25-ம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் கிண்டி காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு போடலாம். நீதிமன்றத்தைவிடச் செலவு குறைவு. ஒரு வருடம் தாண்டியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நீங்கள் ரத்து கேட்டு எதிர் உரிமைகோரல் வைத்தால், வழக்கு முழுவதும் உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். 2023 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர்கள் மேல் நீங்களே வழக்குப் போட 106-ம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் "எங்களிடம் இப்படி ஒரு காப்புரிமை இருக்கிறது" என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. அதையும் கவனித்து நோட்டீஸை மறுபடி படியுங்கள்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும். எந்த க்ளெய்ம், எங்கள் எந்தப் பாகம், எந்த அம்சம் எங்கே பொருந்துகிறது என்று அட்டவணையாகக் கேளுங்கள். மாதிரியை வெட்டிப் பார்த்தார்களா, எங்கே வாங்கினார்கள், என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள். "தெரியாமல் செய்துவிட்டோம்", "இனி செய்ய மாட்டோம்" என்ற சொற்கள் எதுவும் அதில் வரக் கூடாது. பிரெஸ்ஸை ஓட்டலாமா என்பதற்கு அந்த ஐந்து அம்சத் தாள்தான் பதில். எல்லாம் பொருந்தி, பழைய ஆதாரமும் கிடைக்கவில்லை என்றால், அந்த ஒரு பாகத்தை மட்டும் நிறுத்தி, உரிமம் கேட்டுப் பேசுவதே புத்திசாலித்தனம். ஒன்று பொருந்தாவிட்டாலும், அதைக் காப்புரிமை முகவர் ஒருவர் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள்.

ஜெர்மனி மாதிரிக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே கணக்கே வேறு. அதே கண்டுபிடிப்புக்கு வாங்கிய, அதாவது அதே குடும்பத்து, ஐரோப்பியக் காப்புரிமை ஜெர்மனியில் உயிரோடிருந்தால், ஸ்டாலில் வைத்து விலை சொல்வதே விற்க முன்வருவதாகிவிடும். கண்காட்சி நடக்கும்போதே நீதிமன்ற உத்தரவோடு வந்து பொருளை எடுத்துப்போவது அங்கே நடக்கிற காரியம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் தேடலில் இந்திய எண்ணைப் போட்டு குடும்பப் பட்டியலை எடுங்கள், ஜெர்மன் பதிவேட்டில் நிலையைப் பாருங்கள். அது முடியும் வரை இந்த ஷிம்மை மட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம். பிராக்கெட், கிளிப், ஒற்றைத் தகட்டு ஷிம் என்று மற்ற பாகங்களுக்கும் தனித்தனியாக இதே தேடலைச் செய்துவிட்டு, சுத்தமாக இருப்பதை மட்டும் கொண்டு போங்கள்.